உயர்தர உயிரியல் பிரிவு: எதை வாங்குவது, எதை விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வெளியான கையோடு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் போட்டோக் கொப்பிக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற மூன்று பாடத்துக்கும் 'ஃபுல் செட்' டியூட் (தனியார் வகுப்பு ஆசிரியரின் அச்சுக் குறிப்பு), இந்தியாவின் மருத்துவ அனுமதிப் பரீட்சையான நீட்டுக்கான வினாத் தொகுப்பு, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ஆங்கில உயிரியல் நூலின் நிழற்பிரதி, போன வருடம் எழுதிய அண்ணன்மாரின் கொப்பிக்கட்டு என்று வீடு நிறைகிறது. பெற்றோர் கடன்பட்டும் வாங்கிக் கொடுக்கிறார்கள். இவற்றில் பாதிக்கு மேல் பரீட்சைக்கு உதவாதவை. சில, புள்ளியைக் குறைப்பவை. வாங்க வேண்டியது கொஞ்சம்தான். அது எது, ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் போட்டியின் தன்மை. மருத்துவ பீட அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. ஆகவே எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் போட்டியிடுவது பக்கத்து ஊர்ப் பிள்ளையோடுதான். அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி (மூன்று பாடப் புள்ளிகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து எடுக்கும் சராசரி) நான்கு தசம தானம் வரை கணிக்கப்படுகிறது. பிழையான விடைப் புத்தகத்தில் மனனம் செய்த இரண்டு எம்சிகியூ (பல்தேர்வு வினா) ஒரு பிள்ளையை வெட்டுப்புள்ளிக்குக் கீழே தள்ளப் போதும். மூன்று தடவைக்கு மேல் தோற்றி அனுமதி கேட்கவும் முடியாது.

கையில் முதலில் இருக்க வேண்டியது மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டம். விலை கொடுத்து வாங்கும் பொருள் அல்ல என்பதாலோ என்னவோ, இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. நிறுவகத்தின் இணையத்தளத்தில் மூன்று பாடத்துக்கும் தமிழில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு தேர்ச்சி மட்டத்துக்கும் எதிரே உள்ளடக்கம், கற்றற்பேறு, பாடவேளை மூன்றும் இருக்கும். பாடவேளை எண்ணிக்கைதான் அலகின் எடை. பௌதிகவியலில் பொறிமுறையும் அலைவுகளும் அலைகளும் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன, ஈர்ப்புப் புலம் எவ்வளவு சிறியது என்பது அதைப் பார்த்தால் ஒரே நாளில் விளங்கும். கற்றற்பேற்றில் 'விவரிப்பார்' என்று இருக்கும் இடத்துக்கும் 'பெயரிடுவார்' என்று மட்டும் இருக்கும் இடத்துக்கும் படிக்கும் ஆழம் வேறு. அந்தப் பக்கங்களை அச்செடுத்து, முடித்த வரிக்கு எதிரே திகதி இட்டுவந்தால் வேறு அட்டவணை தேவையில்லை.

உயிரியலுக்கு அடுத்த தேவை நிறுவகத்தின் வளநூல். 2017இல் அறிமுகமாகி 2019இல் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்ட பாடத்திட்டத்துக்கு ஏற்ப எழுதப்பட்ட நூல் அது. எந்த டியூட்டும் அதிலிருந்து பிறந்ததாகவே இருக்க வேண்டும். அதோடு முரண்பட்டால் வளநூல் சொல்வதை எடுங்கள். பத்து அலகையும் ஒரே கட்டாகப் பைண்ட் பண்ணினால் ஒரு தவணைக்குள் முதுகு பிளந்துவிடும். தாவரங்கள் பற்றிய நான்காம் அலகையும் விலங்குகள் பற்றிய ஐந்தாம் அலகையும் தனித்தனியாகவும், மற்றவற்றை இரண்டு மூன்று கட்டுகளாகவும் சுருள்கம்பி போட்டுக் கட்டுவது நல்லது. கறுப்பு வெள்ளைப் பிரதியில் இழைய வெட்டுமுகங்களும் இதய, சிறுநீரகத்தி வரைபடங்களும் கரிக்கட்டியாக வரும். எல்லாவற்றையும் வர்ணத்தில் எடுக்கக் காசு போதாது. படமுள்ள பக்கங்களை மட்டும் வர்ணத்தில் எடுத்து இடையில் சொருகலாம். தமிழ்ப் பிரதியில் ஒரு வசனம் குழப்பினால், ஆங்கிலப் பிரதியில் அதே தலைப்பின் கீழ் அதே வசனத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தடித்த ஆங்கில நூலுக்கு உள்ள வேலையும் அவ்வளவுதான்: ஐயம் வந்த பக்கத்தைப் பாடசாலை நூலகத்தில் திறந்து பார்ப்பது. அதை முதலட்டையிலிருந்து படிக்கத் தொடங்கிய பிள்ளை மூன்றாம் அலகைத் தாண்டுவதற்குள் முதல் வருடம் முடிந்துவிடும். பரீட்சை கேட்பது வளநூலின் அளவை; அதற்கு மேலே எழுதியதற்கு, விடைத்தாள் திருத்துவோர் பின்பற்றும் புள்ளித்திட்டத்தில் இடமில்லை.

இரசாயனவியலில் சேதனப் பகுதிக்கு விற்கப்படும் தாக்க அட்டவணைகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சோதனைப்பொருள் மட்டும் எழுதி, நிபந்தனையை விட்ட அட்டவணை பயனற்றது. செறிந்ததா, ஐதானதா, வெப்பம் வேண்டுமா, நீரற்ற ஊடகமா என்பதற்கும் சேர்த்துத்தான் புள்ளி. சக்தியியலில் பௌதிக நிலை குறிக்காத சமன்பாடுகளோடு வரும் குறிப்பையும் அப்படியே ஒதுக்கலாம். இன்னொன்று: கைத்தொழிலும் சூழலும் பற்றிய அலகுகளை அரைப் பக்கத்தில் முடிக்கும் டியூட்டுகள் நிறைய உண்டு. கற்பிக்கச் சுவாரசியம் குறைவு என்பதே காரணம். வினாத்தாளின் சீ பகுதியில் மூன்றில் இரண்டைத் தெரிவுசெய்ய வேண்டிய இடத்தில், அந்த அலகுகளைப் படிக்காத பிள்ளைக்குத் தெரிவே இல்லாமல் போகிறது. பௌதிகவியலில் பெரிய ஓட்டை செய்முறை. அமைப்புக் கட்டுரை வினாக்கள் (வினாத்தாளிலேயே குறுகிய விடைகளாக எழுதுபவை) வேணியர் இடுக்கி, கோளமானி, நகரும் நுணுக்குக்காட்டி, பரிவுக் குழாய், அழுத்தமானி என்று ஆய்வுகூடத்தைச் சுற்றியே வருகின்றன. கணக்குகள் மட்டும் உள்ள நூல் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அது பாதிப் பாடம்தான்.

இனி கடந்தகால வினாத்தாள்கள். இங்கேதான் அதிகம் பிழைக்கிறார்கள். இணையத்திலும் வட்ஸ்அப்பிலும் வரும் கோப்புகளில் பழைய பாடத்திட்டமும் புதியதும் கலந்து கிடக்கின்றன. 2019ஆம் ஆண்டுக்கு இரண்டு வகை வினாத்தாளும் உண்டு. தலைப்பில் 'புதிய பாடத்திட்டம்' என்று இருக்கிறதா என்று பார்த்தே எடுக்க வேண்டும். பாட இலக்கமும் உதவும்: பௌதிகவியல் 01, இரசாயனவியல் 02, உயிரியல் 09. பரீட்சை பிந்தி நடந்த வருடங்களில் தலைப்பில் 2022 (2023) என்பதுபோல இரண்டு ஆண்டும் வரும். அதை இரண்டு வினாத்தாளாக எண்ணி ஒன்றையே இரு தடவை அச்செடுத்தவர்களும் உண்டு.

புதிய பாடத்திட்டத்தில் 2019 தொடக்கம் 2024 வரை ஒரு பாடத்துக்கு ஆறு வினாத்தாள்களே. உயிரியலில் அது 300 பல்தேர்வு வினா, 24 அமைப்புக் கட்டுரை, 36 கட்டுரை. இவ்வளவு சிறிய இருப்பை முதல் வருடத்திலேயே அலகு அலகாக வெட்டி ஒட்டிச் செய்து முடித்துவிட்டால், கடைசி மாதங்களில் நேரம் வைத்து எழுதிப் பார்க்க புதிதாக ஒன்றும் மிஞ்சாது. கடைசி இரண்டு வருட வினாத்தாள்களை உறையிலிட்டு ஒட்டி, பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது திறந்தால் போதும். அலகுவாரிப் பயிற்சிக்கு மற்ற நான்கும் பழைய பாடத்திட்ட வினாக்களும் இருக்கின்றன. பழையவற்றில் பௌதிகவியல் வினாக்களைப் பெரும்பாலும் அப்படியே பயன்படுத்தலாம். இரசாயனவியலில் கணிப்புகளும் சமநிலையும் பயன்படும். மற்றவற்றைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு எடுக்க வேண்டும். உயிரியலில் பழைய வினாவின் விடையை வளநூலில் தேடிக் காணாவிட்டால் அந்த வினாவையே விட்டுவிடுங்கள்.

வினாத்தாளை வாங்கியவர் புள்ளித்திட்டத்தை வாங்காவிட்டால் பாதிக் காசு வீண். பரீட்சை முடிந்த அன்று இரவே வட்ஸ்அப்பில் சுற்றும் விடைகள் தனிப்பட்ட ஆசிரியர்கள் அவசரத்தில் எழுதியவை. ஒருவர் 3 என்பார், இன்னொருவர் 5 என்பார். அடுத்த வருடம் அவையே 'மார்க்கிங் ஸ்கீம்' என்ற பெயரில் கடைக்கு வந்துவிடுகின்றன. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை அடையாளம் காண்பது கடினமல்ல: திணைக்களத்தின் தலைப்பு இருக்கும், ஒவ்வொரு விடைக்கூற்றுக்கும் எதிரே புள்ளி பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். இதற்கு மேலாகத் திணைக்களம் மதிப்பீட்டு அறிக்கை என்ற ஒன்றையும் வெளியிடுகிறது. ஒவ்வொரு பல்தேர்வு வினாவுக்கும் எந்த விடையை எத்தனை வீதத்தினர் தெரிவுசெய்தார்கள், கட்டுரைகளில் பரீட்சார்த்திகள் எங்கே வழுக்கினார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. பிழையான விடை ஒன்றை நிறையப் பேர் தெரிவுசெய்திருந்தால், அங்கே ஒரு பொறி இருக்கிறது என்று அர்த்தம். எல்லா வருடத்து அறிக்கையும் கைக்கு எட்டுவதில்லை. எட்டியதை விடக் கூடாது.

புள்ளித்திட்டத்தை எப்படி வாசிப்பது என்பதும் கற்க வேண்டிய ஒன்று. இரண்டாம் வினாத்தாள் மொத்தம் 1000 புள்ளி: நான்கு அமைப்புக் கட்டுரை தலா 100, நான்கு கட்டுரை தலா 150. மூன்று மணித்தியாலத்தை அந்த விகிதத்தில் பிரித்தால் அமைப்புக் கட்டுரைக்கு 18 நிமிடம், கட்டுரைக்கு 27 நிமிடம். உயிரியல் அமைப்புக் கட்டுரையில் பெரும்பாலும் 40 விடைக்கூறு, ஒன்றுக்கு 2.5 புள்ளி. கட்டுரையில் 38 கூறு, ஒன்றுக்கு 4 புள்ளி, ஆகக்கூடியது 150 என்ற வகையில் வரும். அதாவது 27 நிமிடத்தில் முப்பத்தெட்டுத் தனித்தனி விடயம் தாளில் விழ வேண்டும். ஒன்றுக்கு ஏறக்குறைய 40 செக்கன். முன்னுரை, பொழிப்புரை, அழகான தொடுப்பு வசனம் எதற்கும் நேரமில்லை, புள்ளியுமில்லை. மாதிரி விடை என்று நீளமான பந்தியாக எழுதி, புள்ளி எங்கே விழுகிறது என்று காட்டாத நூல்களை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். பிள்ளை தன் விடையை எழுதி முடித்ததும் சிவப்புப் பேனையால் கூறுகளுக்கு இலக்கமிட்டு எண்ண வேண்டும். இருபதில் நின்றால், நினைவில் இல்லாததாலா, எழுதிய முறையாலா என்று அப்போதுதான் தெரியும்.

நீட் தொகுப்புகள் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. இந்தியாவின் அந்தப் பரீட்சை வேறு அச்சில் வார்த்தது: 180 வினா, நான்கு தெரிவு, சரிக்கு 4 புள்ளி, பிழைக்கு 1 கழிப்பு, எழுத்து விடையே இல்லை. எங்கள் முதலாம் வினாத்தாளில் 50 வினா, ஐந்து தெரிவு, இரண்டு மணித்தியாலம். பிழைக்குக் கழிப்பில்லை. நீட் பழக்கத்தில் ஐயமான வினாவை வெறுமையாக விட்டுவரும் பிள்ளை இங்கே வீணாகப் புள்ளியை இழக்கிறது. கணிக்கும் பொறி இரண்டு நாட்டிலும் அனுமதியில்லை என்றாலும், எங்கள் பௌதிகவியல் வினாத்தாள் ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்றே தருகிறது. 9.8 வைத்துப் பெருக்கிப் பழகியவர் நேரத்தைத் தொலைக்கிறார். இலண்டன் உயர்தர நூல்களிலோ கணிக்கும் பொறியை நம்பியே எண்கள் அமைந்திருக்கும். இலத்திரனியலில் எங்களுக்குள்ள செயற்பாட்டு விரியலாக்கி நீட் பாடத்தில் இல்லை.

தமிழ்நாட்டுத் தமிழ்மொழிமூல நூல்களில் கலைச்சொல் சிக்கலும் சேர்கிறது. அங்கே 'வேகம்' என்றால் எங்களுடைய கதி. எங்களுடைய வேகம் அங்கே திசைவேகம். அங்கே 'அழுத்தம்' என்பது எங்களுடைய அமுக்கம். எங்கள் வினாத்தாளில் அழுத்தம் என்று வந்தால் அது மின்னியல். பரீட்சை மண்டபத்தில் இது தடுமாற வைக்கும். நீட் வினாக்களை முழுதாகத் தள்ளவும் சொல்லமாட்டேன். பொறிமுறையிலும் அலைகளிலும் வேகப் பயிற்சிக்கு, பாடம் முடிந்தபின், ஒரு அலகுக்கு முப்பது நாற்பது வினா செய்து பார்க்கலாம். உயிரியலுக்கு வேண்டவே வேண்டாம்.

மாதிரி வினாத்தாள் புத்தகங்களைக் கடையில் நின்றபடியே சோதிக்க ஒரு வழி உண்டு. இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில் 31 முதல் 40 வரை சேர்மான வினாக்கள், அதாவது தரப்பட்டவற்றில் சரியானவை எவையெவை என்ற சேர்மானத்தைத் தெரிபவை. 41 முதல் 50 வரை இரண்டு கூற்றுகளைத் தந்து, இரண்டும் உண்மையா, ஒன்று மற்றதை விளக்குகிறதா என்று கேட்பவை. உயிரியலில் 41 முதல் 50 வரை சேர்மான வினாக்கள். புத்தகத்தைப் புரட்டி அந்த இலக்கங்களைப் பாருங்கள். அங்கேயும் சாதாரண வினாக்களே இருந்தால், வேறெங்கோ இருந்து அள்ளிக் கொட்டியது. பிறகு படிகள், குறிகள்: 10⁻³ என்பது 10-3 என்று கிடந்தால், அயனின் ஏற்றம் காணாமற் போயிருந்தால், டெல்ற்றாவும் தீற்றாவும் வரவேண்டிய இடத்தில் தமிழெழுத்து நின்றால், எழுத்துரு மாறியதைக்கூடக் கவனிக்காமல் அச்சுக்குப் போன புத்தகம். விடைகளை மட்டும் யார் சரிபார்த்திருப்பார்கள்? கடைசியாக, புள்ளித்திட்டம் உங்களிடம் உள்ள வருடத்தின் பத்து வினாவை எடுத்து அந்தப் புத்தகத்தின் விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டு பிழைத்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், மாகாணத்தினதும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தினதும், இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் அவை தவணைக்குத் தவணை பாடப்பரப்பு வரையறுத்து வருபவை. மூன்றாம் தவணைத் தாளை முதல் தவணையில் கொடுத்து, பிள்ளைக்கு 20 புள்ளி வந்தது என்று அடிப்பதில் பயனில்லை. பரீட்சைக்கு முதல் வாரம் 'ஊகிப்பு' என்று விற்கப்படும் தாள்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

டியூட் விடயத்தில் ஒரு பாடத்துக்கு ஒருவர். மூன்று ஆசிரியரின் ஒளித்தொகுப்புக் குறிப்பு இருந்தால் மூன்று ஒழுங்கு, மூன்று சொல்லாட்சி. பரீட்சையில் மூன்றும் கலந்து வரும். புதிய ஒருவரின் டியூட்டை எடுக்கும் முன் ஒரு சிறிய தலைப்பைத் தெரிந்து, வளநூலின் அதே பகுதியைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். வளநூலில் உள்ளது டியூட்டில் விடுபட்டிருக்கிறதா, முரண்படுகிறதா, மேலதிகமாக ஏதும் இருக்கிறதா என்று மூன்று அடையாளம் இட்டால் போதும். மேலதிகம் மன்னிக்கக்கூடியது, விடுபடுதல் ஆபத்து, முரண்பாடு வந்தால் பாடசாலை ஆசிரியரிடம் கொண்டு போங்கள். 'செக்கன் ஷை', அதாவது இரண்டாம் தடவை, எழுதுபவர்கள் புது செட் வாங்குவதுதான் எனக்கு விளங்காத ஒன்று. அவர்களுக்கு வேண்டியது முதல் தடவை எந்த அலகில், எந்த வகை வினாவில் விழுந்தார்கள் என்ற கணக்கு. அதற்கு பழைய கொப்பியும் புள்ளித்திட்டமும் போதும்.

எல்லாவற்றையும் போனில் பிடிஎப்பாக வைத்திருப்பதை நம்பவும் முடியாது. எங்கள் பக்கத்தில் மாரி உச்சத்துக்கு வரும் காலத்திலேயே பரீட்சை நடந்த வருடங்களும் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. மின்சாரம் போனால் போனும் போகும். புள்ளித்திட்டங்களும் சுருக்கக் குறிப்பும் அச்சில், பொலித்தீன் பையில், நிலமட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

இக்கடிதத்தின் நோக்கம் ஒரு வேண்டுகோளும்தான். எங்கள் மாவட்டங்களில் கோயில் பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் எனப் பலர் உயர்தர மாணவருக்கென்று காசு செலவழிக்கிறார்கள். அது பெரும்பாலும் ஒருநாள் செமினாருக்கும், அதில் பங்கிடும் மாதிரி வினாத்தாளுக்கும் போய்விடுகிறது. அந்தக் காசில் மூன்று பாடத்தினதும் 2019 தொடக்கமான வினாத்தாள், புள்ளித்திட்டம், கிடைக்கும் மதிப்பீட்டு அறிக்கை, பாடத்திட்டம், உயிரியல் வளநூல் ஆகியவற்றை நல்ல தாளில் அச்சிட்டு, உயிரியல் பிரிவுள்ள ஒவ்வொரு பாடசாலை நூலகத்துக்கும் பொது நூலகத்துக்கும் இரண்டு தொகுதி கொடுக்கலாம்: ஒன்று இரவலுக்கு, மற்றது நூலகத்தைவிட்டு வெளியே போகாதது. வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையிலிருந்து பாலம் கடந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும், திருக்கோவில், பொத்துவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் முதலில் கொடுங்கள். அங்கே வர்ணப் பிரதி எடுக்க ஒரு கடை தேடுவதே பாடு. ஒவ்வொரு வருடப் பெறுபேற்றுக்குப் பின்னும் புதிய புள்ளித்திட்டத்தைச் சேர்த்துவிட ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கினால் தொகுதி பழசாகாது.

இப்படிக்கு,
உயர்தர உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.